கேள்வி நேரம்: வீட்ல கார்ப்பெட் எங்க போடக்கூடாது?

கேள்வி: வேளச்சேரியில கிரவுண்ட் ஃப்ளோர்ல ஃப்ளாட் வாங்கியிருக்கோம். துபாய்ல நாத்தனார் வீட்டைப் பார்த்துட்டு வந்ததுலேர்ந்து நம்ம வீட்லயும் எல்லா ரூமுக்கும் சுவத்துக்கு சுவர் கார்ப்பெட் ஒட்டணும்னு வீட்டுக்காரர் சொல்றார். 6 வயசு பையனுக்கு வீசிங் இருக்கு, மாமியார் வாக்கர் வச்சு நடக்கறாங்க. எந்தெந்த ரூம்ல போடலாம்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: ஒட்டற கார்ப்பெட் உங்க வீட்ல எந்த ரூமுக்குமே வேணாங்க. துபாய்லயும் வெளில புழுக்கம்தான், ஆனா வீட்டுக்குள்ள நாள் முழுக்க ஏசி ஓடிட்டே இருக்கும், அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துடும், நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டு மணி நேரம் ஏசி போட்டுட்டு ஆஃப் பண்ணிட்டு ஜன்னலைத் திறந்துவிடறோம், அப்புறம் அந்த ஈரம் எங்க போகும், கார்ப்பெட்லதான் போய் உக்காரும்.

நான் இதை பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க வீட்ல பெட்ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். ஒரு ஐப்பசி மழைக்கு அப்புறம் ரூம்ல ஊறிப்போன கோணி மாதிரி ஒரு வாசனை, கட்டிலுக்கு அடியில எலி கிலி செத்துக் கிடக்கான்னு ரெண்டு நாள் தேடினோம், கடைசியில சுவரோரம் கார்ப்பெட் மூலையைப் பிச்சுத் தூக்கினா அடியில இருக்குற ஃபோம் பிழிஞ்சா தண்ணி வர்ற மாதிரி இருக்கு, ஓரம் முழுக்க கருப்பு கருப்பா புள்ளி. மேல பார்த்தா ஒண்ணுமே தெரியல, காலுக்கு லேசா ஜில்லுன்னு இருந்துச்சு அவ்ளோதான். நனைஞ்ச கார்ப்பெட் ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள காயலைன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும், ஒட்டினதை எப்படி மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போய் காயவைக்கிறது?

உங்க பையனுக்கு இது இன்னும் முக்கியம். டஸ்ட் மைட்னு கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி இருக்கு, நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோல்தான் அதுக்கு சாப்பாடு, தண்ணி குடிக்காது, காத்துல இருக்குற ஈரத்தையே உறிஞ்சிக்கும். காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு கீழயே இருந்தா அது பொழைக்காது, ஆனா சென்னையில அந்த மாதிரி நாள் ரொம்ப கம்மி. அதோட எச்சம்தான் நிறைய பேருக்கு வீசிங்கைத் தூண்டிவிடுது. பெட்ஷீட்னா 60 டிகிரி சுடுதண்ணியில துவைச்சு எடுத்துடலாம், ஒட்டின கார்ப்பெட்டை வாக்குவம் பண்ணா மேலாப்புல இருக்குறதுதான் வரும். அதனால பையன் படுக்குற ரூம்ல கழட்டிப் போடற கார்ப்பெட் கூட வேணாம், வெறும் தரையா விட்டு தினம் ஈரத்துணியால துடைங்க.

கிரவுண்ட் ஃப்ளோர்ல இன்னொரு தொல்லை, ஈரம் கீழேர்ந்தும் ஏறும். ரெண்டடிக்கு ரெண்டடி பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணை டைல்ஸ் சந்து மேல வர்ற மாதிரி வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, அடியில முத்து முத்தா தண்ணி நின்னா அந்த இடத்துல எதையுமே விரிச்சு வைக்காதீங்க. 2015 டிசம்பர்ல உங்க ஏரியாவுல கிரவுண்ட் ஃப்ளோருக்குள்ள தண்ணி வந்ததையும் வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்துங்க.

பாத்ரூம் வாசல்ல துவைக்கிற காட்டன் மிதியடி போதும், பக்கெட்டுல குளிச்சுட்டு ஈரக்காலோட வர்ற வீடு நம்மளது. கிச்சன்லயும் சாப்பிடற இடத்துலயும் சாம்பார் ஒரு சொட்டு விழுந்தா மஞ்சக்கறை லேசுல போகாது. பூஜை ரூம்ல கண்டிப்பா கூடாது, சிந்தெடிக் நூல் சூட்டுக்கு உருகிடும், கற்பூரத் துணுக்கு ஒண்ணு விழுந்தாலே ஓட்டைதான், பக்கத்துல விளக்கும் எண்ணெயும் வேற இருக்கு. மாமியார் ரூம்லயும், அங்கேர்ந்து பாத்ரூம் போற வழியிலயும் ஒண்ணுமே விரிக்காதீங்க, கார்ப்பெட் ஓரத்துல வாக்கர் கால் ஒரு தடவை மாட்டினா போதும்.

மிச்சம் இருக்குறது ஹால்தான். சோஃபா முன்னாடி, மாமியார் நடக்காத பக்கமா பார்த்து, நாலுக்கு ஆறு அடியில சுருட்டி எடுக்கற மாதிரி ஒண்ணு போடுங்க. என்னைக் கேட்டா பவானி ஜமக்காளம் வாங்குங்கன்னுதான் சொல்வேன், உதறலாம், வெயில்ல போடலாம், மழைக்காலம் வந்தா மடிச்சு பரண்ல வச்சிடலாம்.

கேள்வி: பால்கனியில செயற்கைப் புல் கார்ப்பெட் போடலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: சாரல் அடிக்கிற பால்கனின்னா போட்டுட்டு மறந்துடாதீங்க. அடியில தண்ணி தேங்கி வழுக்கும், தண்ணி போற ஓட்டையை மண்ணும் இலையும் அடைச்சுக்கும். ஒரே துண்டா இல்லாம சின்னச் சின்ன துண்டா வாங்கினா வாராவாரம் தூக்கிக் கழுவலாம், ஓட்டைக்கு நேரா மட்டும் ஒரு துண்டை வெட்டி விட்டுடுங்க.