70% ஜெயிக்கும் நிலையில் எதிராளி ஏன் பாஸ் செய்ய வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு வருடமாக பேக்கமன் (பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம்) ஆடுகிறேன். ஆறு மாதமாக ஆடி முடித்த ஆட்டங்களை எல்லாம் குனு பேக்கமன் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன். காய் நகர்த்துவதில் தவறுகள் நன்றாகக் குறைந்துவிட்டன. டபுளிங் கியூப் (பந்தயத்தை இரட்டிப்பாக்கச் சொல்லி, அதாவது டபுள் செய்து, நீட்டும் கட்டை; எதிராளி ஏற்றால் டேக், இருக்கிற பந்தயத்தைக் கொடுத்து விலகினால் பாஸ்) விஷயத்தில் மட்டும் முன்னேற்றமே இல்லை. ஒரு நிலையில் மென்பொருள் "டபுள் இல்லை 0.780, டபுள்-டேக் 0.860, டபுள்-பாஸ் 1.000" என்றது. இதை எப்படிப் படிப்பது? இன்னொரு நிலையில் எனக்கு வெற்றி 70%, எதிராளிக்கு 30% என்று காட்டிவிட்டு, டபுள் செய்தால் அவர் பாஸ் செய்ய வேண்டும் என்கிறது. பக்கத்தில் 28, 4 என்று வேறு இரண்டு எண்கள். 25% இருந்தாலே டேக் செய்யலாம் என்றுதானே படித்தேன்? இரண்டும் காசு ஆட்டங்கள்தான், புள்ளி வரம்பு வைத்த மேட்ச் இல்லை.

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மென்பொருள் சொன்னது சரி. நீங்கள் படித்ததும் சரிதான். அந்த 25% எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே நிலையை நான்கு முறை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் பாஸ் செய்தால் 4 புள்ளி நஷ்டம். நான்கிலும் டேக் செய்து ஒன்றில் மட்டும் ஜெயித்தால், மூன்று தோல்விக்கு 6 போகும், ஒரு வெற்றிக்கு 2 வரும். மொத்தத்தில் அதே 4 புள்ளி நஷ்டம். அதனால்தான் நாலில் ஒன்று எல்லைக்கோடு.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் சேரவில்லை. டேக் செய்தவரிடம் கியூப் போய்விடுகிறது, அடுத்து டபுள் செய்யும் உரிமை அவருக்கு மட்டும்தான். அதற்கு மதிப்பு உண்டு. 21, 22 சதவீதத்திலேயே டேக் ஆகிவிடும் நிலைகள் ஏராளம். இன்னொன்று கேமன். ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் தோற்றால் இரட்டிப்பு நஷ்டம். நீங்கள் தாண்டிப் போன அந்த 28 அதுதான்: நூறு ஆட்டத்தில் 28ல் நீங்கள் கேமனாக ஜெயிக்கிறீர்கள், 4ல் அவர்.

இப்போது அவர் பக்கம் உட்கார்ந்து எண்ணுங்கள். 30 வெற்றி, 70 தோல்வி, ஆக மைனஸ் 40. கேமனில் 28 போய் 4 வருகிறது, மைனஸ் 24. இரண்டும் சேர்ந்து மைனஸ் 64, ஆட்டத்துக்கு மைனஸ் 0.64. கியூப் 2ல் நிற்பதால் அது மைனஸ் 1.28. பாஸ் செய்தால் போவது 1 மட்டும். கியூப் கையில் இருப்பது கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் 0.28 பெரிய பள்ளம். வெற்றி சதவீதத்தை மட்டும் பார்த்துக் கியூப் முடிவு எடுப்பவர்கள் விழுவது பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

உங்கள் முதல் கேள்வி. அந்த மூன்று எண்களும் ஆட்டத்துக்குச் சராசரியாக உங்களுக்குக் கிடைக்கும் புள்ளி. டபுள் செய்தபின் முடிவெடுப்பது எதிராளி, அவர் தனக்கு நஷ்டம் குறைவானதைத்தான் எடுப்பார். 0.860, 1.000 இரண்டில் சிறியது 0.860, ஆகவே டேக். அதை டபுள் செய்யாமல் இருப்பதன் 0.780 உடன் ஒப்பிடுங்கள். டபுள் 0.08 கூடுதல். நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால் அவ்வளவு இழப்பு, அவர் தவறாகப் பாஸ் செய்திருந்தால் அவருக்கு 0.14 இழப்பு. ‘டபுள் இல்லை’ என்பதே 1.000க்கு மேல் போனால், டபுள் செய்யாமல் கேமனுக்கு ஆடுங்கள் என்று பொருள். ஜகோபி விதி போட்டிருந்தால் இந்தக் கடைசி விஷயம் மாறும். கியூப் நடுவில் இருக்கும்வரை அதில் கேமனுக்குக் கூடுதல் புள்ளி கிடையாது. அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்களைப் படிப்பது இவ்வளவுதான், ஒரு மாலையில் பழகிவிடும். ஆனால் ஆறு மாதம் எண்களைப் பார்த்தும் கியூப் பிடிபடவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நானும் பல வருடம் அங்கேயே நின்றவன். 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன், தனக்குத் தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது. குனு பேக்கமனும், எக்ஸ்ட்ரீம் கேமன் என்ற இன்னொரு மென்பொருளும் அதே நியூரல் நெட்வொர்க் வழியில் வந்தவை. நிலையைக் கொடுத்தால் எண் வரும், காரணம் வராது. காரணத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு எனக்குக் கைகொடுத்தவை இரண்டு பழக்கங்கள்.

ஒன்று, அலசலைத் திறக்குமுன் என் ஊகத்தை எழுதிவிடுவேன். வெற்றி எவ்வளவு, கேமன் எவ்வளவு, டபுளா, டேக்கா. எழுதாமல் பார்த்தால், "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று மனசு சமாளித்துவிடும். சில மாதத்தில் ஒரு விஷயம் தெரிந்தது: வெற்றி சதவீதத்தை ஓரளவு சரியாகச் சொல்கிறேன், கேமனை எப்போதும் குறைவாகச் சொல்கிறேன். என் கியூப் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, ஒரே ஒரு காயை நகர்த்திவிட்டு மறுபடி கேட்பது. உங்கள் 70% நிலையைப் போன்ற ஒன்றில், என் வீட்டுப் பகுதியில் தனித்தனியாக நின்ற எதிராளியின் இரண்டு காய்களை ஒரே கட்டத்தில் சேர்த்து வைத்தேன். அடிபடாத ஒரு கட்டம் அவருக்குக் கிடைத்ததும் கேமன் சரிந்தது, பாஸ் டேக் ஆனது. அன்று புரிந்த அளவுக்கு எந்தப் பட்டியலும் எனக்குப் புரியவைத்ததில்லை. நீங்களும் செய்து பாருங்கள்: அவரிடமிருந்து ஒரு காயைப் பாரில் (அடிபட்ட காய் நிற்கும் நடுப்பட்டை) வையுங்கள், கேளுங்கள். உங்கள் இரண்டு காய் சேர்ந்து நிற்கும் ஒரு கட்டத்தை உடையுங்கள், கேளுங்கள். எந்த மாற்றத்தில் பதில் புரள்கிறதோ அங்கே இருக்கிறது காரணம்.

டபுள் எப்போது என்பதற்கும் இதே வழிதான். எவ்வளவு முன்னால் இருக்கிறோம் என்பதோடு, அடுத்த இரண்டு உருட்டலில் சந்தை கைவிட்டுப் போகுமா, அதாவது அவர் இனி டேக் செய்யாத அளவுக்கு நிலை மாறிவிடுமா என்றும் பார்க்க வேண்டும். உங்களுக்கு 36ல் 20 நல்ல உருட்டல், அவை விழுந்தால் அவருடைய காய் பாருக்குப் போகிறது, உங்கள் வீட்டுப் பகுதியின் ஆறு கட்டத்தில் ஐந்து அடைத்திருக்கிறது என்று வையுங்கள். அவர் உள்ளே வர 11 உருட்டல், வராமல் நிற்க 25. 20ஐ 25ஆல் பெருக்கினால் 500. மொத்தச் சேர்க்கைகள் 1296. ஆக நூற்றில் 38 தடவைக்கு மேல், அடுத்த முறை நீங்கள் கியூபை நீட்டும்போது அவர் நிம்மதியாகப் பாஸ் செய்துவிடுவார். குனு பேக்கமனில் வெப்பநிலை வரைபடம் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு உருட்டலுக்கும் நிலை எப்படி மாறும் என்று நிறத்தில் காட்டும். டபுள் கேள்விகளுக்கு நான் முதலில் திறப்பது அதைத்தான்.

ஆட்டத்தின் நடுவில் இதெல்லாம் செய்ய நேரமிருக்காது. அப்போது பேக்கமன் ஆட்டக்காரர் கிட் உல்சியின் விதி போதும்: எதிராளிக்கு இது டேக்கா பாஸா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லையா, டபுள் செய்யுங்கள்.

வித்தியாசம் 0.02, 0.03 என்று மிகச் சிறியதாக இருந்தால் உடனடி அலசலை நம்பாதீர்கள், ரோல்-அவுட் போடுங்கள். அந்த நிலையிலிருந்து 1296 முறை ஆடவிடுவது வழக்கம், முதல் இரண்டு உருட்டலின் எல்லாச் சேர்க்கைகளும் சமமாக வந்துவிடும். அப்புறம், என்றாவது மேட்ச் ஆட்டத்தை அலசினால் ஸ்கோரைச் சரியாகக் கொடுங்கள். காசு ஆட்டத்தில் அருமையான டேக், சில ஸ்கோரில் பெரும் பிழை.

உங்கள் கடிதத்தில் எண்கள் இருக்கின்றன, நிலைகள் இல்லை. குனு பேக்கமன் ஒவ்வொரு நிலைக்கும் 14 எழுத்தில் ஒரு குறியீடு தரும். இரண்டு நிலைகளின் குறியீட்டையும் அனுப்புங்கள். அந்த 70% நிலையில் எந்தக் காயை நகர்த்தியபோது பாஸ் டேக் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.