வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளைப் பற்றிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் கையால் செய்து கற்க வேண்டும் என்று ஆசை. புள்ளி ஓவியம் வரையச் சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: டீச்சரம்மா, தூரிகையை அப்புறம் எடுக்கலாம். முதலில் கீழமாசி வீதியில் ரெண்டு கிலோ சாமை அரிசி வாங்குங்கள். யார் வீட்டிலாவது திருகையோ அம்மியோ சும்மா கிடக்கும். பிள்ளைகளே அரைத்து மாவாக்கி, அடை தட்டிச் சுடட்டும். அந்த மக்கள் புல்விதைகளைச் சேர்த்துக் கல்லில் அரைத்து, தணலில் ரொட்டி சுட்டவர்கள். நியூ சவுத் வேல்ஸில் கட்டி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கிடைத்த அரைகற்களுக்கு வயது சுமார் 30,000 ஆண்டு. அவர்கள் அரைத்த புல்லில் ஒரு வகை நம் சாமைக்குப் பங்காளி. தாவர நூலில் இரண்டும் 'பேனிக்கம்' என்ற ஒரே பேரினம்தான். கை வலிக்க அரைத்த பையன், 'வேட்டையாடித் திரிந்தார்கள்' என்று ஒற்றை வரியில் பரீட்சை எழுத மாட்டான்.

புள்ளிக்கு வருகிறேன். 1971-ல் நடு ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில், ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் ஊக்கப்படுத்த, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். பலகையிலும் துணியிலும் இன்று உலகம் பார்க்கிற புள்ளி ஓவியம் அங்கிருந்து கிளம்பியதுதான். அது பாலைவனத்துப் பாணி. வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் மரப்பட்டை மேல் மயிரிழைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பார்கள். 250-க்கும் மேல் மொழிகள் இருந்த கண்டம், எல்லோரையும் ஒரே புள்ளியில் அடைக்காதீர்கள்.

சின்னங்களைக் காப்பியடிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கதைக்கும் உரியவர்கள் உண்டு, அவர்கள் சம்மதமில்லாமல் அடுத்தவர் வரைவதில்லை. மாசிப் பச்சைத் திருவிழாவுக்குச் சாமிப் பெட்டி தூக்குகிற ஊர் உங்களுடையது. ஒரு வகையறாவின் சாமிப் பெட்டியை வழிப்போக்கன் தூக்கிவிட முடியுமா? பிள்ளைகள் தங்கள் ஊரையே வரையட்டும். செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி போதும். கண்மாய், களம், ஆடு நடந்த தடம் எல்லாவற்றையும் பருந்து பார்ப்பதுபோல் மேலிருந்து. பாலைவன ஓவியர் பலரும் தங்கள் நிலத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

முகத்தில் சாயம் பூசி மாறுவேடம் மட்டும் கூடவே கூடாது. அது எனக்கு அறவே பிடிக்காது. அவர்கள் இன்றைக்கும் இருக்கிற மக்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வாங்கிய கேத்தி ஃப்ரீமன் அவர்களில் ஒருவர். அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: நம் வளரிதான் ஆஸ்திரேலியா போய் பூமராங் ஆனதாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: ஆதாரம் கிடையாது தம்பி. தெற்கு ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பில் சுமார் 10,000 ஆண்டுப் பழைய பூமராங்குகள் கிடைத்திருக்கின்றன. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலும் எறிகட்டைகள் இருந்தன. அவரவர் தேவைக்கு அவரவர் செதுக்கியது. இன்னொன்று, வேட்டைக்கு எறியும் பூமராங் பெரும்பாலும் திரும்பியே வராது. போய் நீங்கள்தான் எடுத்து வர வேண்டும்.