செருப்பு வார் ஏறவில்லையா? சர்க்கரைக்காரர்களின் கால் வீக்கம்

பல்லடம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "வயது 56. சர்க்கரை வந்து பதினோரு வருடம், பிரஷரும் இருக்கிறது. இரவு ஷிப்டில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஆறு மாதமாக வேலை முடிந்து கிளம்பும்போது செருப்பு வார் ஏறுவதில்லை, இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. படுத்து எழுந்தால் பாதி வடிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 'உப்பு வந்திருச்சு, தண்ணியக் கொறைங்க' என்கிறார். மெடிக்கலில் கேட்டு நீர் மாத்திரை வாங்கிப் போட்டேன். ரெண்டு நாள் தேவலை, அப்புறம் பழையபடிதான். என்ன செய்யறதுங்க?"

முதல் வேலையாக, அந்த நீர் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடுவதை விடுங்கள். உடம்பின் பொட்டாசியம், சோடியத்தை அது இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை கூடுதலாக இருந்து ஏற்கெனவே சிறுநீர் அதிகம் போகிறவருக்கு, எழுந்து நின்றால் கண்ணைக் கட்டும் அளவுக்கு நீர் வற்றிவிடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்? எனக்கு முதல் சந்தேகமே அங்கேதான். பிரஷருக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் நல்ல மருந்து. ஆனால் அது சிறு ரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். 5 மில்லிகிராமை 10 ஆக்கிய பிறகு வீக்கம் வந்தவர்களை நிறையப் பார்க்கலாம். இந்த வகை வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. இன்னொன்று பியோகிளிட்டசோன். சர்க்கரைக்கு மூன்று மருந்து சேர்ந்து வரும் மாத்திரைகள் பலவற்றில் இது இருக்கும், சாப்பிடுகிறவருக்கே தெரியாது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும்படி செய்வது இதன் குணம். இதயம் பலவீனமானவர்களுக்குக் கூடவே கூடாது. பாத எரிச்சலுக்குத் தரும் பிரிகாபாலினும் வீக்கம் தரும். அப்புறம் நம் ஊர் மெடிக்கல்களில் உடம்பு வலிக்கென்று பேப்பரில் மடித்துத் தருகிற 'செட் மாத்திரை'. அதில் வலி மாத்திரையும் பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டுமே நீரைத் தேக்கும். முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பின்னது சர்க்கரையை ஏற்றும். நின்று நின்று கால் வலிக்கிறதென்று அதைப் போடுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நெடுநாளாகத் தினமும் போட்டு வந்திருந்தால் மட்டும், நிறுத்தும் விதத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விடக்கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையோ டாக்டரிடம் காட்டாமல் ஒன்றுகூட நிறுத்த வேண்டாம்.

அந்த 'உப்பு' பேச்சுக்கு வருவோம். நம் பக்கம் ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் கூடினாலும் உப்பு, சிறுநீரில் புரதம் போனாலும் உப்பு. கேட்பவர் சமையல் உப்பென்று நினைத்துக்கொள்வார். பதினோரு வருட சர்க்கரையில் சிறுநீரகத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் வீக்கத்தைப் பார்த்தே சிறுநீரகம்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், ஒரு ஈசிஜி, டாக்டர் சொன்னால் எக்கோ எனும் இதய ஸ்கேன். இவை போதும் ஆரம்பத்துக்கு. அதற்கு முன் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மூக்கிரட்டை, நெருஞ்சில் கஷாயமும் வேண்டாம். வீக்கத்துக்கு நல்லதென்று இளநீர் குடிப்பவர்கள் உண்டு; சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அதிலுள்ள பொட்டாசியமே ஆபத்து. 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பு பாக்கெட்டும் அப்படித்தான்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி நின்றால் அது நீர். தினமும் தூங்கி எழுந்ததும் (உங்களுக்கு அது மதியமாக இருக்கும்) எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை கேட்டாலோ, எழுந்ததும் முகமும் கண் இமையும் உப்பியிருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படுத்தால் வடிகிறதே என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம், இதயம் சம்பந்தப்பட்ட வீக்கமும் படுத்தால் கொஞ்சம் வடியும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் கதையே வேறு. ஆடுசதையில் வலியோடு வீங்கினால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். பாதம் சிவந்து, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக, ஆனால் வலி பெரிதாக இல்லாமல் இருந்தால் இன்னும் கவனம். புண் இல்லையே, சுளுக்குத்தான் என்று எண்ணெய் தேய்த்து நடப்பார்கள். உணர்ச்சி மரத்த பாதத்தில் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும், சார்கோ பாதம் என்பார்கள். நடக்க நடக்கப் பாத வளைவு இடிந்துபோகும். அந்தக் காலை ஊன்றாமல் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும்.

தறிக்கு வருவோம். நாலைந்து தறிக்கு நடுவே ஊடை நூல் தார் மாற்றி, அறுந்த இழையை முடிந்து, இரவு முழுக்க நின்றபடியே இருக்கிறீர்கள். ஆடுசதை சுருங்கினால்தான் காலிலுள்ள ரத்தம் மேலே ஏறும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். டீ நேரத்தில் தறிக் குடோனில் படுத்து, ஒரு நூல் மூட்டைமேல் காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி கால்மணி நேரம் வையுங்கள். அழுத்தக் காலுறை நல்லதுதான். ஆனால் காலில் ரத்த ஓட்டம் சரியா என்று டாக்டர் பார்த்தபிறகே போடவேண்டும். ஓட்டம் குறைந்த காலில் அதுவே புண்ணாக்கும். சுடுநீரில் உப்புப் போட்டு ஊறவைப்பது கூடவே கூடாது. சூடு தெரியாமல் கொப்புளம் கண்டு வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். கம்பங்கூழில் போடும் உப்பைவிட, கூடக் கடிக்கும் மோர் மிளகாயிலும் வடகத்திலும் இருப்பது அதிகம். இரவு டீயோடு தின்கிற மிக்சரையும் கணக்கில் சேருங்கள்.

டாக்டரிடம் போகும்போது வாய்க்கணக்கு சொல்லாதீர்கள். போடுகிற மாத்திரை அட்டை அத்தனையையும், அந்த செட் மாத்திரை பொட்டலத்தையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டுங்கள்.