கெட்சப் தராத ஹாட் டாக் வண்டி: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை முழுக்க ஹாட் டாக், அதாவது நீளப் பன்னுக்கு நடுவில் சாஸேஜ் (அரைத்த கறியில் செய்த உருளை) வைத்துத் தருவது. கும்பகோணத்தில் சாயங்காலம் நிற்கும் ஒரு தள்ளுவண்டியைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். ஐட்டங்களுக்கு ஆற்றுப் பெயர் வைத்து, கெட்சப் கேட்டவரைத் திருப்பி அனுப்பி, அதனாலேயே கூட்டம் சேர்த்த வண்டி. பெயர் வேண்டாம். பதில்கள் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை வண்டிகளுக்கும் பொருந்தும்.

கே: போர்டில் ‘அரசலாறு’, ‘குடமுருட்டி’, ‘கொள்ளிடம்’ என்று மட்டும் இருக்கிறது. விலை கிடையாது. கொள்ளிடம் சாப்பிட்டு முடித்ததும் 140 ரூபாய் என்றார். கெட்சப் கேட்டதற்கு, “அந்தப் பேச்சே இங்க கிடையாது” என்றார். இதெல்லாம் சரியா?

ப: கெட்சப் தராதது அவர் இஷ்டம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஹாட் டாக்குக்கே இந்தப் பிடிவாதம் உண்டு. கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு சாஸ், பச்சை ரெலிஷ் (பொடியாக நறுக்கிய ஊறுகாய்), வெங்காயம், தக்காளித் துண்டு, வெள்ளரி ஊறுகாய், குட்டி மிளகாய், செலரி உப்பு எல்லாம் போடுவார்கள். கெட்சப் மட்டும் கூடாது. அதைப் பார்த்து இவர் செய்கிறார். புகார் சொல்ல அதில் எதுவும் இல்லை.

விலை அப்படியல்ல. தரம், அளவு, விலையைத் தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. ஆர்டர் சொல்லும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எவ்வளவு, எத்தனை சாஸேஜ், என்ன கறி. சாப்பிட்ட பிறகு கேட்டால் அது பேரம் இல்லை, சண்டை. பில் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. சீட்டில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் 15 இலக்கப் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாதவர் வரி வாங்க முடியாது.

கே: மேலே கருகியிருந்தது, கடித்தால் நடுவில் சில்லென்று இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு வேறு. வேகாத கறியா?

ப: நிறத்தை விடுங்கள். சாஸேஜில் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்ப்பதால் முழுக்க வெந்தாலும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். சில்லென்று இருந்ததுதான் குற்றம்.

பாக்கெட்டில் வரும் ஹாட் டாக் சாஸேஜ் பெரும்பாலும் ஆலையிலேயே வெந்தது. ஆனாலும் லிஸ்டீரியா என்ற கிருமி குளிரிலும் மெல்ல வளரும் என்பதால், பரிமாறுமுன் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். முறை இதுதான். மைனஸ் 18 டிகிரியில் இருந்த பாக்கெட்டை முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக்க வேண்டும். அதைத் தளதளவென்று கொதிக்காமல், ஓரத்தில் சின்னக் குமிழ் வரும் பதத்து வெந்நீரில் ஐந்தாறு நிமிடம் போட வேண்டும். இளகாத கட்டி என்றால் பத்து நிமிடம். பிறகு மேலே மூன்று கீறல் போட்டு, கல்லில் இரண்டு மூன்று நிமிடம் உருட்டி எடுத்தால் போதும்.

கூட்டம் சேர்ந்ததும் வெந்நீர்ப் படியைத் தாண்டி, ஐஸ்கட்டியாக இருப்பதை நேரே கல்லில் போடுவார்கள். வெளித்தோல் கருகும், உள்ளே சூடு இறங்காது. உங்களுக்குக் கிடைத்தது அது. நீர் பொங்கக் கொதித்தால் நேரெதிர்: தோல் வெடித்து, கொழுப்பும் உப்பும் நீரில் கரைந்து சக்கையாகும்.

இவற்றைவிட மோசம், அடுப்பை அணைத்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் சாயங்காலம் முழுக்க ஊறவிடுவது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். அந்தப் பாத்திரத்தில் ஆவி எழவில்லை என்றால் வாங்காதீர்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கரைந்து, பாக்கெட்டுகள் தண்ணீரில் மிதந்தாலும் அப்படியே. சித்திரை வெயிலில் ஏழு மணிக்கெல்லாம் பெட்டி அந்த நிலைக்கு வந்துவிடும்.

கையில் வாங்கியதும் நடுவில் பிட்டுப் பாருங்கள். ஆவி வர வேண்டும். தொட்டால் வழவழப்பு, புளித்த வாடை, பச்சை பூத்த திட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். சூடு மட்டும் குறைவென்றால் திரும்பக் கல்லில் போடச் சொல்லலாம். கெட்டுப்போனதைச் சூடாக்கிப் பயனில்லை, சில நச்சுகள் சூட்டுக்கு அழியாது. பன்னையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஐப்பசி அடைமழையில் பேக்கரி பன் இரண்டு நாளில் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். மேலே வெண்ணெய் தடவி வாட்டிவிட்டால் தெரியாது.

கே: மயோனைஸ் தடைசெய்யப்பட்டதாகச் சொன்னார்கள். வண்டியில் இன்னும் பாட்டிலில் பீய்ச்சுகிறாரே?

ப: தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்தது பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை. முட்டையில்லாத மயோனைஸ் அந்தத் தடையில் வரவில்லை. ஆகவே “இது எதில் செய்தது, பாக்கெட் எங்கே?” என்று கேளுங்கள். பச்சைப் புள்ளியுள்ள கம்பெனி பாக்கெட்டைக் காட்டினால் தேதியைப் பாருங்கள். “நாங்களே மிக்ஸியில் அடிச்சது” என்று பெருமையாகச் சொன்னால், தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது இல்லாமலே வாங்குங்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருந்தால் அழிக்க அங்கே சூடே கிடையாது. கம்பெனி மயோனைஸும் பிரித்த பிறகு குளிரில் இருக்க வேண்டியது. கல்லுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் பாட்டில் வேண்டாம்.

ரத்தச் சிவப்பில் மின்னும் சாஸ் இருந்தால் அதையும் தவிர்க்கலாம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற உணவுக்கு ஆகாத சாயம் கலந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் அந்த மிட்டாய்க்கே தடை வந்தது நினைவிருக்கும்.

கே: புரட்டாசியில் வெஜ் ஹாட் டாக் கேட்டோம். அதே கல், அதே இடுக்கி. கேட்டால் “துடைச்சிட்டேன் அண்ணே” என்கிறார்.

ப: துடைத்தால் கறிக்கொழுப்பு போகாது. கல்லில் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, புது எண்ணெய் விட்டு, வேறு இடுக்கி எடுக்க வேண்டும். நடைமுறையில் கூட்டநேரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், அல்லது சின்ன வாணலியில் தனியாகப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று: சோயா சாஸேஜ் சிலவற்றில் இறுகுவதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம்; பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். என்ன கறி என்பது பொருள் பட்டியலில் இருக்கும், கோழியா பன்றியா மாடா என்று வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

நாய்க்கறி என்று பயந்து மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. பெயர் மட்டும்தான்.

கே: செய்தித்தாளில் சுற்றித் தருகிறார். எண்ணெயில் எழுத்து ஒட்டுகிறது.

ப: கூடாது. அச்சுமையில் ஈயம் போன்றவை இருக்கலாம் என்பதால் உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதற்குத் தடை உண்டு. பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை. தஞ்சாவூர்ப் பக்கம் வாழை இலைக்கா பஞ்சம்? இலைச் சருகிலோ, தணலில் வாட்டிய நறுக்கிலோ சுற்றினால் கிழியாது, வாசனையும் கூடும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோனால் இன்னும் நல்லது.

கே: ஜிபேயில் பணம் போய்விட்டது, வண்டியில் சத்தம் வரவில்லை. மறுபடி போடச் சொன்னார். 10 ரூபாய் நாணயம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். தண்ணீர் பாட்டிலுக்குக் கூலிங் 2 ரூபாய்.

ப: உங்கள் செயலியில் வெற்றி என்று காட்டினால் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் காட்டி, அவர் வங்கிக் கணக்கில் தேடச் சொல்லுங்கள். சத்தப்பெட்டிக்கு நெட் இல்லாமல் போவது சகஜம். பணம் பிடித்து அவருக்குச் சேரவில்லை என்றால், கடை க்யூஆர் பரிவர்த்தனையில் 5 நாளுக்குள்ளும், தனிநபர் கணக்குக்கு அனுப்பியதில் மறுநாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 10 ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும். பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கூலிங் என்று வாங்கக் கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915.

கே: சாப்பிட்டு ராத்திரியே வாந்தி. புகார் எங்கே, எப்படி?

ப: முதலில் ஓஆர்எஸ். காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு என்றால் உடனே மருத்துவர். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்தால் பெரும்பாலும் உணவில் ஏற்கெனவே உருவான நச்சு. சால்மொனெல்லா காட்ட ஆறு மணி நேரமும் ஆகும், ஆறு நாளும் ஆகும். அதனால் கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றம் சொல்லிவிட முடியாது. கூட வந்தவர்களுக்கும் உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

பிறகு உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்ஆப் எண்ணுக்கு இடம், தேதி, நேரம், வண்டியின் படம், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், வண்டியில் ஒட்டியிருக்கும் 14 இலக்க உணவு பாதுகாப்புப் பதிவு எண் எல்லாவற்றையும் அனுப்புங்கள். எண் ஒட்டியிருக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இழப்பீடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான மதிப்புக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கே: மூன்று வயதுக் குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

ப: வட்டம் வட்டமாக நறுக்கித் தராதீர்கள். அந்த வில்லை சரியாகக் குழந்தையின் மூச்சுக்குழல் அளவுக்கு இருக்கும், அடைத்தால் எடுப்பது கடினம். நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள். பைக்கின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம்.