பரங்கிக் கொடியில் பூ உண்டு, பிஞ்சு இல்லை

கேள்வி: தை மாதம் மொட்டைமாடித் தொட்டியில் விதைத்த பரங்கிக் கொடி நன்றாகப் படர்ந்து பூத்தும் பூக்களெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லையே, ஏன்?
- மதுரை வாசகி

பதில்: பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும், முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே என்பதால் அவை உதிர்வது இயல்பு. இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. அதுவும் மஞ்சளாகிச் சுருங்கி விழுமானால், மாடிக்குத் தேனீக்கள் போதிய அளவு வருவதில்லை என்று கொள்ளலாம். விடியற்காலையில் விரியும் பூ வெயில் ஏறியதும் கூம்பிவிடும். ஆகவே காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே தடித்து நிற்கும் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். பங்குனி வெயிலில் தொட்டி மண் காயவும் கூடாது.

எஞ்சிய ஆண் பூக்களைக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். உள்ளே எறும்பு இருக்கும், உதறிவிடுங்கள். பிஞ்சு கையளவு ஆனதும் தோல் சீவாமல் நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். முற்றிய காயில் வைக்கும் புளிக்குழம்பைவிட என் நாக்குக்கு இதுவே பிடிக்கும்.