18446744073709551615-ஐக் கால்குலேட்டர் இல்லாமல் காரணிப்படுத்த முடியுமா?

தாராளமாக முடியும். சதுரங்கக் கட்டங்களில் அரிசியை இரட்டித்துக்கொண்டே போகும் கதையைப் படித்துவிட்டு, மொத்த அரிசிக்கான இந்த 20 இலக்க எண்ணைப் பார்த்து மலைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைசி இலக்கம் 5. இலக்கங்களைக் கூட்டினால் 87. எனவே 3 வகுக்கும், 9 வகுக்காது. பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள்.

நான் டியூஷனில் கணக்கு எடுக்கிறவன். ஒரு பையன் இதே எண்ணைக் கொண்டுவந்தான். இது 2^64 − 1 என்பதால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்; பள்ளியில் படித்த a² − b² = (a + b)(a − b) என்ற முற்றொருமையே போதும். (2^32 + 1)(2^32 − 1) என்று போர்டில் எழுதினேன். இரண்டாவது அடைப்பு மறுபடி உடையும், அதுவும் உடையும். கடைசியில் நிற்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். அது 641 × 6700417 என்று 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் காட்டினார். ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

எனக்கு இதில் உயிரே அந்த 641தான். அது 5 × 2^7 + 1. அதுவே 5^4 + 2^4. அதனால் 641-ஆல் வகுக்கும்போது 5 × 2^7-ஐ −1 என்று எடுத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1. 5^4 + 2^4 என்பது 641-ஏ, அதற்கு மீதி 0; எனவே இப்போது 5^4 இருக்கும் இடத்தில் −2^4 போடுங்கள். −2^32-க்கு மீதி 1 என்று வருகிறது. அதாவது 2^32 + 1-ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும். நீள் வகுத்தலே தேவைப்படவில்லை!

ஆய்லர் இப்படித்தான் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2^32 + 1-ஐ வகுக்கும் பகா எண் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் வழி. கணிப்பொறி நொடியில் சொல்லிவிடுமே என்பவர்களுக்கு: சொல்லட்டும், ஆனால் விடையை மட்டும் பார்த்தால் ஏன் 641 என்று புரியாது.

அன்று நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "போர்ஷன்ல இல்லாததை ஏன் சார் எடுக்கிறீங்க?" என்றார். அந்த முற்றொருமை பரீட்சைக்கு வருகிறதே, இதைவிட நல்ல பயிற்சி எது? மே மாதம் முழுக்க வகுப்பு வைத்துவிட்டு, அதற்கான சம்பளத்தை ஜூலை வரை இழுத்தடிப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். சரி, அதை விடுங்கள்.

6700417 பகா எண்தானா என்பதையும் நீங்களே பார்த்துவிடலாம். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். ஆய்லரின் நிபந்தனைப்படி அதற்குள் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193-இல் தொடங்கி 2113 வரை பதினொன்றுதான்.