நேராகச் செல்ல நான்கு விளக்குகளா?

கேள்வி: நாற்சந்தியில் திரும்பாமல் நேராகச் செல்வதைத் தெரிவிக்க, ஹசார்டு விளக்கைப் போடுவது என் வழக்கம். இது தவறு என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதே சரி. நான்கு இண்டிகேட்டர்களும் ஒருசேர மின்னினாலும், இடப்புறச் சாலையில் காத்து நிற்பவரின் கண்ணில் பெரும்பாலும் படுவது உங்கள் வண்டியின் இடப்பக்க விளக்கு மட்டுமே. வலப்புறம் நிற்பவருக்கோ வலப்பக்க விளக்கு மட்டுமே தெரியும். நீங்கள் தம் பக்கம்தான் திரும்பப் போகிறீர்கள் என்று இருவருமே எண்ணி, ஒரே நேரத்தில் வண்டியை நகர்த்தக்கூடும். நேராகச் செல்வதற்கு இண்டிகேட்டர் எரியாமல் இருப்பதே போதுமான சைகை.

வண்டி பழுதாகியோ விபத்துக்குள்ளாகியோ சாலையில் நின்றுவிட்டால், பின்னால் வருபவரை எச்சரிப்பதற்கென்றே சிவப்பு முக்கோணம் பொறித்த அந்தப் பொத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் அது வேலை செய்வது இதனால்தான். நிறுத்தக் கூடாத இடத்தில் 'இரண்டே நிமிடம்' நிறுத்துவதற்கான அனுமதிச் சீட்டாகச் சிலர் அதைக் கருதுவது வேறு கதை.

கேள்வி: கனமழையிலும் மூடுபனியிலும் ஓட்டும்போது போடலாமா?

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் ஹசார்டு எரியும்போது இண்டிகேட்டர் கம்பியைத் தட்டினாலும் பயனில்லை; நீங்கள் தடம் மாறுவதைப் பின்னால் வருபவர் அறியவே முடியாது. மின்னும் விளக்கு நிற்கும் வண்டியைக் குறிப்பது என்பதால், அவர் திடுக்கிட்டு பிரேக் போடவும் கூடும். ஹெட்லைட்டைத் தாழ் ஒளியில் எரிய விட்டு, வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுங்கள். பனி விளக்கு இருந்தால் அதையும் போடலாம். அதிவேகச் சாலையில் முன்னே போக்குவரத்து திடீரென்று தேங்கினால் மட்டும், பின்னால் வருபவர் கவனிக்கும் வரை சில விநாடிகள் போட்டு அணைப்பதைச் சில நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன.

கேள்வி: நெடுநேரம் எரிந்தால் பேட்டரி தீர்ந்துவிடுமா?

பதில்: 21 வாட் பல்புகள் நான்கு, பாதி நேரம் அணைந்தே இருப்பதால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சராசரியாக 3.5 ஆம்பியர் எடுக்கும். நல்ல நிலையிலுள்ள பேட்டரி பல மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரி அதற்கு முன்பே ஸ்டார்ட்டரைச் சுழற்றத் திணறலாம். அதற்காக விளக்கை அணைத்துவிடாதீர்கள்.